கேபினில் மூன்றாவது படுக்கை

பீபி ஜான் முப்பது வருடமாகத் தலையணை உறை தைக்கிறாள். ஆயுசு முழுக்க ஒரே நீள்சதுரத்தைத் தைத்துக்கொண்டிருந்தால் ஒரு மனுஷிக்கு அலுக்காதா என்று கேட்டால், அலுக்கும். அலுத்து அலுத்து அந்த அலுப்பும் பழகிப்போகும். கார்த்திகை தீபத்துக்கு வருகிறவர்கள், சித்ரா பௌர்ணமிக்கு வருகிறவர்கள், பெண் பார்க்க வருகிறவர்கள், கோர்ட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் திருவண்ணாமலையில் லாட்ஜ் எடுத்து, தலை நிறைய எண்ணெயோடும் நெற்றி நிறைய விபூதியோடும் அவள் தைத்த உறையில் தூங்கி எழுந்து அவரவர் ஊருக்குப் போனார்கள். அவள் மட்டும் எங்கும் போகவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த ஆம்பூருக்கு வருடத்துக்கு ஒருமுறை, கண் காட்ட வேலூருக்கு ஒரே ஒருமுறை. ஐம்பத்தொரு வயதில் அவள் கண்ட தேசமெல்லாம் அவ்வளவுதான்.

உறைக்குத் துணி வருவது கவுஸ் பாஷாவின் மெத்தைக் கடையிலிருந்து. கவுஸ் பாஷா அவளுக்குப் பெரியப்பா மகன். அவர்கள் மார்க்கத்தில் பெரியப்பா மகனைக் கட்டிக்கொள்ளத் தடையில்லை. நாற்பத்தெட்டாம் வருடம், அவளுக்குப் பத்தொன்பது வயது நடக்கும்போது, அவளுடைய அப்பாவே தன் அண்ணனிடம் வாய்விட்டுக் கேட்டார். கவுஸுக்குச் சம்மதம் என்பது தெருவுக்கே தெரியும். பீபி ஜானுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லியிருப்பாள்.

குறுக்கே வந்தது கவுஸின் அம்மா ரசியா பேகம். பீபி ஜானைப் பெற்றவள் பிரசவத்துக்குப் பின் ஜன்னி கண்டு நாற்பதாம் நாளுக்குள் இறந்துபோனாள். "அப்போ இந்தப் பச்சப்புள்ளைக்கு யாரு பால் குடுத்தான்னு நினைச்சீங்க? கவுஸுக்குக் குடுத்துக்கிட்டிருந்த பால நான்தான் இவளுக்கும் குடுத்தேன். ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி. இது ஹராம்" என்றாள் ரசியா பேகம். ஒருத்தியின் பாலை ஒரு மிடறு குடித்தாலும் அவள் தாய்தான், அவள் பிள்ளைகள் உடன்பிறப்புதான். பால் கொடுக்கிற அறைக்குள் நடந்தது பீபி ஜானின் அப்பா உட்பட எந்த ஆம்பிளைக்கும் தெரியாது, அதனால் அதற்கு மேல் பேச யாருக்கும் வாயில்லை. மறுத்துச் சொல்ல வேண்டியவளோ மண்ணுக்குள் இருந்தாள். பள்ளிவாசல் பெரியவர்கள் தாடியை நீவிக்கொண்டு, நல்லவேளை, பாவத்திலிருந்து தப்பித்தோம் என்று எழுந்து போனார்கள்.

கவுஸ் பாஷாவுக்கு வேலூரில் வசதியான வீட்டிலிருந்து முன்னி பேகம் வந்தாள். பீபி ஜானுக்கு சைக்கிள் கடை ஜானி பாஷா வாய்த்தார். அவருக்கு அவளைவிட இருபது வயது ஜாஸ்தி, கூடவே தீராத இருமல். ஒன்பது வருடம் இருமிவிட்டு, ஒரு பெண் குழந்தையையும் ஒரு தையல் மிஷினையும் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல அவளிடம் எதுவும் இருந்ததில்லை.

பேச்சு முறிந்த நாளிலிருந்து கவுஸை அவள் "அண்ணே" என்று கூப்பிட்டாள். முதல் ஒரு வருடம் அந்த வார்த்தை தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. அப்புறம் இறங்கிவிட்டது. அண்ணன் ஆனதில் ஒரு சௌகரியமும் இருந்தது. அண்ணனுக்கு முன் முக்காடு வேண்டாம், ஒதுங்கி நிற்க வேண்டாம். தைத்த உறைகளைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குள் போவாள், அண்ணி முறைக்கு பாபி என்று கூப்பிடும் முன்னி பேகம் போடும் டீயைக் குடிப்பாள், எதிரில் உட்கார்ந்து லாட்ஜுக்காரர்களைத் திட்டுவாள். விதவையான பிறகு அந்த வீடுதான் அவளுக்குப் போக்கிடம்.

எண்பதாம் வருடம் கவுஸ் பாஷாவும் முன்னி பேகமும் ஹஜ்ஜுக்கு மனுப் போட்டார்கள். அப்போது பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பல். மனுப் போட்டவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். இவர்கள் பெயர் விழுந்தது. கப்பலில் ஒரு கேபினும் ஒதுக்கி, பம்பாய் ஆபீசிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. தாலுகா ஆபீசுக்கு வெளியே டைப் அடிக்கும் ராஜமாணிக்கம் அதைப் படித்துச் சொன்னார். அது மூன்று படுக்கை உள்ள கேபின். இரண்டு இவர்களுக்கு. மூன்றாவது காலி. நெருங்கிய குடும்பத்தார் ஒருவரை அதில் சேர்க்க விருப்பமிருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத வேண்டும்.

"சும்மா காலியா போறதுக்கு நம்ம பீபி வரட்டுமே" என்றாள் முன்னி பேகம். அவள் மனசு அப்படி. சட்டியில் இருப்பதில் பாதியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மூடுவாள்.

கவுஸ் பாஷா கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். பிறகு, "வரட்டும்" என்றார்.

பெண்பிள்ளை தனியாகக் கப்பல் ஏற முடியாது. அப்பன், அண்ணன் தம்பி, மகன், மருமகன் என்று, அவள் கட்டிக்கொள்ளக் கூடாத ஆண் ஒருவர் கூட வர வேண்டும். பீபி ஜானின் அப்பா எப்போதோ போய்விட்டார். மகன் இல்லை. ஆம்பூர் தோல் கிடங்கில் இருக்கும் மருமகன் நாற்பது நாள் லீவு கேட்டால் வேலையே போய்விடும். மிச்சம் இருந்தது பால் உறவு ஒன்றுதான். கல்யாணத்தைக் கெடுத்த அதே பால் இப்போது கப்பலில் இடம் வாங்கித் தருகிறது என்று நினைத்து பீபி ஜான் தனக்குள் சிரித்துக்கொண்டாள். போகட்டும், முப்பது வருடம் கழித்தாவது ஒரு புண்ணியம்.

தன் கடைசிக் காரியத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்தாள். ஸ்டுடியோவுக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டாள். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான் போட்டோக்காரன். சிரித்துப் பார்த்தாள், அழுகிற மாதிரி இருந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டான். காலரா ஊசி போட்டுக்கொண்டு கை வீங்கியது. வீங்கிய கையோடும் உறை தைத்தாள். தைக்கும்போது கடலை நினைத்துப் பார்ப்பாள். அவள் கடலைக் கண்டதில்லை. முன்னி பேகமும் கண்டதில்லைதான், ஆனாலும் கப்பலில் வாந்தி வரும், எலுமிச்சை ஊறுகாய் எடுத்துப் போக வேண்டும் என்று நாலுதரம் போய் வந்தவள் மாதிரிச் சொன்னாள்.

ராஜமாணிக்கம் மனுவில் 'பால் சகோதரி' என்று இங்கிலீஷில் டைப் அடித்து அனுப்பினார். பம்பாயிலிருந்து பதில் வந்தது. பெயரைச் சேர்க்கத் தடையில்லை. ஆனால் இந்த உறவுக்கு, நேரில் அறிந்தவர் ஒருவரின் வாக்குமூலம் வேண்டும். மாதக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் அந்தப் படுக்கை வேறு யாருக்காவது போய்விடும்.

"நேர்ல பார்த்தவங்கன்னா யாரு இருக்காங்க? எங்கம்மா மவுத்தாகி பதினோரு வருஷம் ஆச்சு. நானே எழுதிக் குடுத்துடறேன்" என்றார் கவுஸ் பாஷா.

"நீங்க அப்ப கைக்குழந்தை பாய். கைக்குழந்தை சாட்சி எந்த ஆபீஸ்ல செல்லும்?" என்றார் ராஜமாணிக்கம்.

முன்னி பேகத்துக்குத்தான் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் கடைக்குப் பஞ்சு மூட்டை ஏற்றி வரும் வண்டிக்காரரின் பெண்சாதி ஆராயி, கடைக்குப் பின்னாலேயே குடியிருந்து வீட்டு வேலை செய்தவள். முன்னி பேகம் வருவதற்கு முன்பே கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டாள், அங்கே மகனோடு இருக்கிறாள் என்று மாமியார் இருந்தபோது சொல்லக் கேட்டிருக்கிறாள்.

"அந்தக் கிழவி உயிரோட இருக்குதோ என்னமோ" என்றார் கவுஸ் பாஷா. "அதுக்குப் போயி பீபிய அலைய விடணுமா? வேற வழி பார்ப்போம்."

"நான் போறேண்ணே. பஸ் இருக்கு. எவ்ளோ தூரம், இங்க இருக்கற கீழ்பென்னாத்தூரு" என்றாள் பீபி ஜான். எத்தனையோ அலைந்தாயிற்று, இது ஒன்றுக்கா அலுத்துக்கொள்வது?

டைப் அடித்த காகிதமும் மை டப்பாவும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். உட்கார இடமில்லை. ஊசி போட்ட கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல் மற்ற கையால் பிடித்துக்கொண்டு போனாள். ஆராயி உயிரோடுதான் இருந்தாள். வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கத்தில் அதற்கு மலாட்டை என்று பெயர். கண் மங்கலே தவிர காதும் வாயும் சரியாக இருந்தன. யாரென்று சொன்னதும் பீபி ஜானின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"பீபி பாப்பாவா? எலிக்குஞ்சாட்டம் இருந்த. இப்ப இன்னா நரை நரைச்சிருச்சு உனக்கு!"

பீபி ஜான் வந்த விஷயத்தைச் சொன்னாள். மக்காவுக்குப் போகப் போவதாகவும், சின்னதில் அந்த வீட்டில் பால் குடித்ததற்கு ஆராயி சாட்சி சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள்.

"அதுக்கு நான் சாட்சி இல்லாம வேற யாரு சாட்சி? எங்க வைக்கணும் சொல்லு" என்று கிழவி கட்டை விரலை மையில் உருட்டிக் காகிதத்தில் அழுத்தினாள். மகன் முருகையன், பீபி ஜானின் வயசுக்காரர், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் தன் வாழ்நாளில் முடிந்ததில்லை என்று பீபி ஜானுக்கே ஆச்சரியம்.

மோர் கொடுத்தார்கள். குடித்துக்கொண்டே, "பெரியம்மா எனக்கு எத்தன மாசம் பால் குடுத்தாங்க?" என்று சும்மா கேட்டாள்.

"எந்தப் பெரியம்மா?"

"ரசியா பேகம். கவுஸ் அம்மா."

ஆராயி மலாட்டை உரிப்பதை நிறுத்தினாள். "அந்தம்மாவுக்கு ஏது பாலு? கவுஸு பொறந்த ஆறாம் மாசமே மாருல கட்டி வந்து வத்திப் போச்சே. கவுஸுக்கே ஆட்டுப் பாலுதான். உனக்குக் குடுத்தது நான் கண்ணு. இந்தப் பக்கம் முருகையன், அந்தப் பக்கம் நீ. இந்தப் பய உன் மயிரப் புடிச்சு இழுப்பான், நீ வீல்னு கத்துவ. ஒண்ணர வருஷம் குடுத்தேன்."

பீபி ஜான் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான்தானேம்மா உங்களுக்கு அண்ணன்! என்னையும் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயிடுங்க. இந்த மலாட்டைய யாரு புடுங்கறது" என்று முருகையன் சிரித்தார்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. ஆராயியும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தாள். உண்மையாக அவளுக்கு அண்ணன் முறை ஆகிற ஒரே ஆண்பிள்ளை நெற்றியில் விபூதியோடு எதிரில் நிற்கிறார். அவரை எந்தக் கப்பலில் ஏற்றுவார்கள்? சிரித்து முடித்தபோது கண்ணெல்லாம் ஈரமாக இருந்தது. கை வலிக்குது, ஊசி போட்டிருக்கு என்று சொல்லிச் சமாளித்து எழுந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. மடியில் பை, பைக்குள் காகிதம். அதில் கைநாட்டு இருக்கிறது, சாட்சி இருக்கிறது, குறை ஒன்றுமில்லை. தபாலில் போட்டால் படுக்கை அவளுக்கு. ஆராயி சொன்னதைக் கேட்டது அவளும் முருகையனும்தான். பம்பாய்க்காரனுக்கு என்ன தெரியப் போகிறது?

முப்பத்திரண்டு வருடத்தை அவள் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். ரசியா பேகம் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. பீபி ஜானின் அப்பாவின் வியாபாரம் அந்த வருடம்தான் நொடித்துப்போயிருந்தது. ஏழைப் பெண் வேண்டாம் என்று நேராகச் சொன்னால் மகன் கேட்கமாட்டான், அதனால் கடவுளின் சட்டத்தை இழுத்து நடுவில் போட்டாள். அவ்வளவுதான். கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. அவளுக்கு வந்தது சோர்வுதான். ஜானி பாஷாவின் இருமல், மிஷினை மிதித்து மிதித்து மரத்துப்போன கால், அண்ணே அண்ணே என்று பழகிய நாக்கு, எல்லாம் ஒருத்தி சொன்ன ஒரு வாய்ப் பொய்யிலிருந்து வந்தவை. அவளுக்குக் கப்பலில் போக ஆசையாக இருந்தது. அதை மறைப்பானேன், நிரம்ப ஆசையாக இருந்தது. கவுஸ் பாஷாவிடம் சொல்லிவிடுவோம், அவர் திகைப்பார், அப்புறம் நடந்தது நடந்துபோச்சு வா என்று அவர் சொன்னாலும் சொல்லலாம், சொன்னால் போய்விடலாம் என்று ஒரு நப்பாசையோடுதான் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

கவுஸ் பாஷா கூடத்தில் இருந்தார். பின்கட்டில் முன்னி பேகம் எதையோ வறுத்துக்கொண்டிருந்தாள். "பீபி, வழிக்கு உனக்கும் சேர்த்துத்தான் செய்யறேன்" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"ஆராயி இருக்குதா?" என்று கேட்டார் கவுஸ் பாஷா.

"இருக்கு. கைநாட்டு வாங்கிட்டேன்" என்று காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கைநாட்டு இருக்கு. பால்தான் இல்ல" என்றாள்.

என்ன சொல்கிறாய் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அம்மா மவுத்தாகறப்ப சொன்னாங்க."

"பதினோரு வருஷமா தெரியுமா?"

"என்ன செய்யச் சொல்ற பீபி? முன்னி இருக்கா, புள்ளைங்க இருக்காங்க. உங்கிட்ட சொன்னா நீ இந்த வீட்டுப் படி ஏற மாட்ட. நீ வந்து போயிட்டு இருந்தா போதும்னு நினைச்சேன்."

"அதுக்காக மனுவுல பால் சகோதரின்னு எழுதுவீங்களா? அல்லா வீட்டுக்குப் போற மனுவுல?"

"உனக்கு நான் செய்யறதுக்கு வேற எதுவும் இல்ல. இது ஒண்ணாவது செஞ்சிடலாம்னு பார்த்தேன். நீ தெரியாம வந்தா பாவம் எனக்கு மட்டும்தானே."

"இப்ப தெரிஞ்சுபோச்சே" என்றாள்.

போகலாம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லமாட்டாரா என்றுதான் வந்திருந்தாள். அவரோ பதினோரு வருடத்துக்கு முன்னாலேயே நடந்தது நடந்துபோச்சு என்ற முடிவை அவளைக் கேட்காமல் எடுத்துவிட்டிருந்தார். நாற்பத்தெட்டிலும் யாரும் அவளைக் கேட்கவில்லை. அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். அண்ணன் ஆன பிறகு அந்த மனுஷருக்கு முன்னால் அவள் முக்காடு இழுத்தது அதுதான் முதல் தடவை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காகிதத்தைத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். "மூணாவது படுக்கை வேணாம்னு எழுதிடச் சொல்லுங்க பாபி. ஆராயிக்கு எதுவும் ஞாபகம் இல்ல" என்றாள்.

முன்னி பேகம் கரண்டியும் கையுமாக அழுதுவிட்டாள். கிழவியைத் திட்டினாள், பம்பாய்க்காரனைத் திட்டினாள். பீபி ஜான் அவளைத் தேற்றினாள். அது வேறு ஒரு வேலை. இனிமேல் உறைத் துணியை வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள், முழங்கால் வலி, நடக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆராயியின் கைநாட்டு அன்று சாயங்காலம் அடுப்புப் பற்றவைக்க உதவியது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். யார் மனசிலாவது தாங்கல் இருந்தால் அந்தப் பயணம் நிறையாது என்பார்கள். முன்னி பேகம் காலையிலேயே பெண்களோடு வந்து, பீபி ஜானைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டுப் போனாள். மத்தியானத்துக்கு மேல் கவுஸ் பாஷா தனியாக வந்தார். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது. அவர் வாசலிலேயே நின்றார்.

"பீபி, தெரிஞ்சோ தெரியாமலோ உன் மனசு நோக ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சிடு."

அன்று நாற்பது வீட்டில் அவர் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பார். நாற்பது வீட்டிலும் சொல்லி முடிப்பதற்குள், ஐயோ என்ன பாய் நீங்க, மன்னிச்சேன் மன்னிச்சேன் என்றிருப்பார்கள். இங்கே பதில் வரவில்லை. தெருக்குழாயில் யாரோ குடம் மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியாமன்றத விட்டுட்டுக் கேளுங்க பாய்" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. ஊரில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவது போல அவளும் பாய் என்றாள்.

வாசலில் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. போய்விட்டாரோ என்று கூட நினைத்தாள்.

"தெரிஞ்சேதான் செஞ்சேன். மன்னிச்சிடு" என்றார். 

"மன்னிச்சேன். நல்லபடியா போயிட்டு வாங்க."

அவர் கப்பல் ஏற வேண்டுமே என்பதற்காகச் சொன்னது அது. மனசார மன்னிக்க அவளுக்கு அதற்கப்புறம் ஏழு வருடம் பிடித்தது. அதற்குள் கவுஸ் பாஷா மவுத்தாகியிருந்தார்.